மஃறூப் கடை முருகைக்கல்

"எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. கடலுக்குள்ள இருக்கிற முருகைக்கல்லை, பவளப்பாறையை உடைச்சு விக்கிற ஆளு இவருதான்."

சுதாகரன் சேர் கைபேசியைக் கடைக்காரர் மஃறூபின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு பேசினார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வளர்ப்பு மீன் கடை அது. சேர் சூழல் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். மரக்கன்று நட்டாலும் படத்தில் கன்றைவிட அவர் முகம்தான் பெரிதாகத் தெரியும். இன்றைக்கு நேரலை வேறு.

மீன் தீனி வாங்கப் போன நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

தொட்டியில் மஞ்சளும் நீலமுமாகச் சிக்லிட் மீன்கள். அவற்றுக்கு நடுவே பொத்தல் பொத்தலாக வெள்ளைக் கற்கள். மேசையிலும் சில கற்கள் விற்பனைக்கு இருந்தன.

"இது முருகைக்கல்லா, இல்லையா?"

"முருகைக்கல்லுதான் சேர். பழைய காஞ்ச கல்லு."

"ஆத்துத் தண்ணி மீனுக்குக் கடல் கல்லு எதுக்கு?"

"நம்ம மலைத் தண்ணியில சுண்ணாம்புச் சத்து இல்லீங்க. இந்த ஆப்பிரிக்கா மீனுங்க வெளுத்துப்போய் செத்துரும். கல்லைப் போட்டா கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சு தண்ணி சரியாயிரும்."

"ஓஹோ. மீன் கலரா இருக்கணும்னு கடலைக் கொல்லுவீங்க."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கையில் வடையோடு வந்தவர்களெல்லாம் நீதிபதி ஆகிவிட்டார்கள். "இவனுங்கள உள்ள தள்ளணும்" என்றார் ஒருவர். போன வாரம் இதே மேசையில் இதே கல்லுக்கு விலை கேட்ட மனிதர் அவர்.

கூட்டத்தைப் பார்த்ததும் சேருக்கு மரியாதை மறந்துபோனது.

"யாருகிட்ட வாங்கின? பேரைச் சொல்லு. அவன்தான் பெரிய திருடன். சொன்னா உன்னை விட்டுர்றேன். இல்லன்னா பொலிஸுக்கு ஃபோன் அடிப்பேன்."

மஃறூப் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாதா?"

சேர் ஒரு கல்லைத் தூக்கிச் சுவரில் அடித்தார். துண்டுகள் சிதறி, வாசலில் நின்றவர்கள் பின்னால் ஒதுங்கினார்கள். படம் பிடிக்கிற கை மட்டும் ஆடவே இல்லை.

"எல்லாம் என் பொறுப்புங்க சேர்" என்றார் மஃறூப்.

பொலிஸ் வந்தது. கற்களை மூட்டை கட்டியது. மஃறூபை ஜீப்பில் ஏறச் சொன்னது. சேர் கமராவைப் பார்த்து, "கடல் நம் தாய்" என்று சொல்லி நேரலையை முடித்தார். பிறகு தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

கடையைப் பூட்டிவிடச் சொல்லி மஃறூப் என்னிடம் சாவியைக் கொடுத்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாயில்லாப் பூச்சியாக இருந்தால் ஊரே ஏறி மிதிக்காதா?

"பேரைச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? எவனோ ஒரு திருடனுக்காக நீங்க ஏன் கோர்ட்டு வாசல்ல நிக்கணும்?"

"திருடன் இல்லீங்க. அது அந்த சேர் வீட்டுத் தொட்டிக் கல்லு" என்றார் மெதுவாக.

நான் கடைக்குள் சிதறிக் கிடந்த துண்டுகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவரும் இதே மீனைத்தான் வளர்த்தாரு. இப்ப வேற மீனுக்கு மாறிட்டாரு. பாசி புடிச்ச கல்லை ஆத்துல வீசச் சொல்லியிருக்காரு. அவரு சம்சாரம் வீச மனசில்லாம எங்கிட்ட கொண்டாந்து குடுத்துட்டாங்க. நான்தான் தேய்ச்சுக் காய வச்சேன்."

"அதை அந்தக் கமரா முன்னாலயே சொல்லி நாறடிச்சிருக்கலாமே?"

மஃறூப் ஜீப்பில் கால் வைத்தபடியே சொன்னார்:

"கல்லு கொண்டாந்த அன்னைக்கே அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு வீங்கிக் கறுத்திருந்துச்சுங்க. அவங்க பேரைச் சொன்னா, இவரு இங்கயிருந்து நேரா வீட்டுக்குத்தானே போவாரு."