மாரி எப்படி வாரி ஆனாள்?

"உங்க பொண்ணு பேரை மாரின்னு எழுதிட்டு வாரின்னு ஏன் கூப்பிடறீங்க?"

கிளாஸ்கோவிலிருந்து வந்தவர் கேட்டார். அறுபது வயதிருக்கும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர்களின் பெயர்களைப் பற்றி விசாரிப்பதாகவும், இது பதினாலாவது வீடு என்றும் சொல்லியிருந்தார்.

கிர்ஸ்டி சிரித்துக்கொண்டே தேநீரை அவர் முன் வைத்தாள். "அவளைப் பத்திப் பேசினா மாரி. அவளையே கூப்பிட்டா வாரி. எங்க கேலிக் பாஷையில ஆளைக் கூப்பிடும்போது பேரே மாறிடும்."

"ஆனா கிளாஸ்கோவுல வாரின்னே பேர் வச்சிருக்காங்களே!"

"யாரோ கூப்பிட்டது உங்காளுங்க காதுல விழுந்திருக்கும். அதுதான் பேருன்னு எழுதிட்டாங்க. என்னத்தைச் சொல்ல!"

அவர் சிரிக்கவில்லை. "உங்க கூடப் பிறந்தவங்க?"

"ஒரே தம்பி. ஷேமஸ்." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா அவனைக் கூட்டிட்டு கிளாஸ்கோ போனாங்க, கண் டாக்டர்கிட்ட காட்ட. ரயிலடியிலயே அம்மா விழுந்து செத்துட்டாங்க. மூணு வயசுப் பிள்ளையை யாரோ தூக்கிட்டுப் போய் ஏதோ விடுதியில விட்டுட்டாங்க. அப்பா ஒவ்வொரு அநாதை விடுதியா ஏறி இறங்கினார். ஷேமஸ்னு இங்க யாருமே இல்லைன்னு எல்லா இடத்துலயும் கையை விரிச்சுட்டாங்க."

அவர் கோப்பையைத் தொடவே இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ஷேமஸை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அது எதுக்கு இப்ப? ஐம்பத்தேழு வருஷமாச்சு."

"ஒரே ஒரு தடவை. உங்கம்மா கூப்பிட்ட மாதிரி."

விசித்திரமான ஆளாக இருக்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கடற்கரையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல், குரலை இழுத்துக் கத்தினாள்.

"ஹேமிஷ்!"

பின்னால் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. திரும்பினாள். வந்தவர் எழுந்து நின்றிருந்தார். முகம் முழுக்கக் கண்ணீர்.

"விடுதியில என் பேரைக் கேட்டாங்க. அம்மா கூப்பிடறது மட்டும்தான் எனக்குத் தெரியும், அதையே சொன்னேன்... நான்தான் ஹேமிஷ், அக்கா."