விதைக்காத வயல்

"பறவை எங்கேம்மா?"

வரப்பில் நின்று வேளாண் அதிகாரி கேட்டார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். அதில் பேருக்குக்கூட ஒரு பறவை இல்லை.

"வரும் சார். பொழுது சாயறப்போதான் வரும், கொஞ்சம் பொறுங்க" என்றாள் அந்த விவசாயி. ரப்பர் பூட்ஸ் முழங்கால் வரை சேறாக இருந்தது.

"வந்ததிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க."

குளிர்காலத்தில் விதைக்காமல், நிலத்தில் தண்ணீரைத் தேக்கி, வலசை வரும் பறவைகளுக்கு விட்டுவிட்டால் அரசு மானியம் தரும். அவளும் கணவனும் சேர்ந்துதான் அந்தத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். இப்போது அவர் இல்லை. குளிர்காலம் முழுக்க வீடு ஓடுவது மானியத்தில்தான். அதற்குத்தான் வேட்டு வைப்பதுபோல ஒரு புகார் வந்திருந்தது.

"ஒரு பறவைகூட இறங்கறதில்ல, அரசாங்கப் பணம் தண்டமாப் போகுதுன்னு யாரோ போன் பண்ணியிருக்காங்க. பேர் சொல்லல. அது உண்மைன்னா மானியத்தை நிறுத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்லம்மா."

சொல்லிவிட்டு அதிகாரி பக்கத்து வயல்காரரைப் பார்த்தார். அவர் அவளுடைய கொழுந்தன். ஜீப்பைக் கண்டதும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்திருந்தார்.

"என்னை எதுக்கு சார் முறைக்கறீங்க? எங்களுக்குள்ள வாய்க்கால் தகராறு இருக்கு, இல்லேங்கல. முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காச்சு. அதுக்காக அண்ணி வயித்துல அடிப்பேனா?"

"உன்னை யாரு இப்ப சொன்னா? சும்மா இரு" என்றாள் அவள்.

"நீங்க பார்த்திருக்கீங்களா, இங்க பறவை வந்து?" அதிகாரி விடவில்லை.

கொழுந்தன் தலையைச் சொறிந்தார். "சாயங்காலம் ஆனா நான் மாடு கறக்கப் போயிடுவேன் சார். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல."

"நாங்களும் ஆபீஸ்ல உட்கார்ந்தே பணத்தை அனுப்பிட்டோம். அதான் தப்பாப் போச்சு" என்று அதிகாரி ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"சார், அங்க பாருங்க."

வடக்கே அடிவானத்தில் புகைபோல ஒரு கோடு. அது அகன்றது. தூரத்தில் மழை வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வானம் மறைந்துபோனது.

முதலில் வாத்துகள் சரிந்து இறங்கின. தண்ணீர் தெறித்து மூவரையும் நனைத்தது. பின்னால் நாரைகள், கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அலை அலையாக. சிறகுகளின் காற்று அதிகாரியின் முகத்தில் மோதியது. தலைக்கு மேலே வந்தவை அத்தனை அருகில் பறந்ததால் அவர் தன்னையறியாமல் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

வயலில் இப்போது தண்ணீர் தெரியவில்லை. அடிவானத்திலிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தன.

"அண்ணி..." என்றார் கொழுந்தன். கண்கள் கலங்கியிருந்தன.

போட்டோ எடுக்க வேண்டும் என்பதே அதிகாரிக்கு வெகுநேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன தெரிகிறது என்பதுபோல போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மானியத்தை யாரும் தொட மாட்டாங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா இவ்வளவு கண்ணெதிர நடக்கறப்போ, இப்படியொரு பொய்ப் புகார் சொல்ல யாருக்கும்மா மனசு வந்தது?"

அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் சார் போன் பண்ணினேன். பணம் தவறாம வந்துடுது, பார்க்கத்தான் யாரும் வரல. அவரும் போனப்புறம், இவ்வளவையும் நான் ஒருத்தியா எப்படி சார் பார்த்துக்கிட்டு நிக்கறது?"