பிளேடு படாத பை

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்து, அடுத்தவள் தைத்ததைப் பிளேடு வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

ஜெபிஷாவும் அதைத்தான் நினைத்தாள்.

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள், ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் தைத்து அடுக்கிய ராணுவப் பைகளில் ஒன்று பூங்கொடியக்கா மடியில் கிடந்தது. தோள் வாரைப் பையோடு சேர்த்துப் பிடிக்கிற இடத்தில் பிளேடு ஓடிக்கொண்டிருந்தது.



புதியம்புத்தூரில் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி கம்பெனியில் இத்தனை வருஷமும் பள்ளிக்கூட யூனிபாரம்தான். இப்போதுதான் முதல்முதலாகப் பட்டாளத்துக்குப் பை. மலையேறுகிற ஜவான்கள் முதுகில் சுமக்கிற கனத்த பை. மாதிரிக்குக் கொஞ்சம் தைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குப் பார்க்க ஆள் வருகிறது. பிடித்தால் ஆர்டர். இல்லாவிட்டால் மறுபடி யூனிபாரம்தான்.

வார் தைக்கிற வேலையை முதலில் பூங்கொடிக்குத்தான் கொடுத்தார் அண்ணாச்சி. கை மெதுவாக ஓடுகிறது என்று ஜெபிஷாவுக்கு மாற்றிவிட்டார். "ஒரு தையல் பிசகுனாலும் தச்சவ வீட்டுக்குத்தான்" என்றும் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கே பூங்கொடி அவளிடம் வந்தாள். "ஏட்டி, தையலைக் கொஞ்சம் பாத்துத் தையி."

"எங் கை ஓடுத ஓட்டத்துக்கு உங்க கண்ணு எட்டாதுக்கா. உங்க வேலையப் பாருங்க."

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜெபிஷா ஜன்னலை விட்டு நேராக அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, நான் தச்சதையெல்லாம் பூங்கொடியக்கா பிரிக்காவ. பிளேடும் கையுமா பாத்தேன்."

அண்ணாச்சி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. தையல்காரப் பெண்கள் கையைக் கழுவியும் கழுவாமலும் பின்னாலேயே வந்தார்கள்.

அண்ணாச்சி ஒரு பையை எடுத்து வார் மூட்டில் விரலை ஓட்டினார். புதுத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள். இன்னொரு பையை எடுத்தார். அதிலும்.

"எப்பத்துலருந்து நடக்கு இது?"

பூங்கொடி பிளேடைத் தாளில் மடித்து வைத்தாள். "இவ தைக்க ஆரம்பிச்சதுலருந்து."

"பிரிச்சுட்டு நீயே திரும்பத் தச்சியா?"

"ஆமா அண்ணாச்சி."

"எதுக்கு?"

பூங்கொடி ஜெபிஷாவை ஒருதரம் பார்த்தாள்.

"நான் சொல்லுதேன்," என்றாள் ஜெபிஷா. "வேலை கை மாறுன எரிச்சல். நாளைக்கு வாரவிய முன்னால வார் அத்து விழணும், எம் பேரு கெடணும். அதுக்குத்தான் ஒப்புக்குத் தச்சு வச்சிருக்காவ."

"வாயத் தொறந்து பேசு பூங்கொடி."

"பேசுததுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"அப்ப கிளம்பு. நாளைலருந்து வர வேண்டாம்."

பூங்கொடி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எத்தனை பை கெட்டுக் கிடக்கிறதோ. ஒரு சாக்கில் கரிசல் மண்ணை அள்ளிக் கட்டி, பூங்கொடி பிரித்துத் தைத்த பை ஒன்றுக்குள் திணித்து, கூரையின் இரும்புச் சட்டத்தில் வாரை மாட்டித் தொங்கவிட்டார்.

ஒரு நூல்கூட நெகிழவில்லை.

தானும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். பை ஆடியதே தவிர அறவில்லை.

"என்னட்டி இது, கல்லு மாதிரி நிக்கு?"

"இது ஒண்ணு தப்பிச்சிருக்கும். இதை மாட்டுங்க அண்ணாச்சி. இன்னைக்குக் காலைல தச்சது, அவிய கை இன்னும் படல." ஜெபிஷாவே எடுத்து நீட்டினாள்.

அதே மண்மூட்டை. மாட்டிவிட்டு அண்ணாச்சி கையை எடுத்தார்.

டர்ரென்று ஒரு சத்தம். வார் மேலே தொங்கியது, பை கீழே கிடந்தது. மண் ஜெபிஷாவின் கால்வரை சிதறியது.

அண்ணாச்சி வார் அறுந்த இடத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யூனிபாரத்துக்குப் போடுத தையலுல்லா?"

வளர்கிற பிள்ளைகளுக்கு உள்ளே மடித்த துணியை அம்மாமார் சுலபமாகப் பிரித்து இறக்கிக்கொள்ளட்டும் என்று, யூனிபாரத்தின் மடிப்பை எட்டி எட்டித் தைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். பைக்காக ஜெபிஷா நூலை மாற்றினாள், ஊசியை மாற்றினாள். தையலை நெருக்கமாக்குகிற திருகை மட்டும் மாற்றவில்லை. நெருக்கினால் வேகம் குறையும்.

"பூங்கொடி, நில்லு."

செருப்பை மாட்டிவிட்டும் போக மனமில்லாமல் வாசலில் நின்றவள் திரும்பினாள்.

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"தச்சவ வீட்டுக்குன்னு நீங்கதான சொன்னீங்க? அவளுக்குக் கைப்பிள்ளை. அவகிட்டச் சொன்னேன், ஏறல. மிஷின்ல திருகை மாத்தி வச்சேன், வேகம் போகுதுன்னு பழையபடி திருப்பிட்டா. சண்டை போட நேரமில்ல, பிரிச்சுத் தச்சிட்டேன்."

அண்ணாச்சி மெல்ல ஜெபிஷா பக்கம் திரும்பினார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவள் தன் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னும் பாதி பை கிடக்கு. என் ஒருத்தியால பொழுதுக்குள்ள முடியாது. திருகை நெருக்கி வச்சு அவள மிஷின்ல உக்காரச் சொல்லுங்க. நான் இன்னைக்காவது மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு வாரேன்."