எட்டாவது வரி

எட்சன் தன் குற்றத்தைக் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

மயிலாடியில் சுயம்புராஜின் கல் பட்டறை. இரண்டு மரக்கட்டைகள் மேல் கருங்கல் பலகை கிடந்தது. ஏழு வரி வெட்டி முடிந்துவிட்டது. எட்டாவது வரியைச் சாக்பீஸால் மட்டும் எழுதியிருந்தார்.

ஏழு வரியும் ஒரு விமானத்தின் வரலாறு. 1957-ல் பெங்களூரில் பிறந்தது. இரண்டு இருக்கை, ஒற்றை எஞ்சின். முப்பது வருடம் விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது. பிறகு ஏதோ ஒரு ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது. போன மாதம் எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்குக் காட்சிப்பொருளாக வந்து சேர்ந்தது.

இறக்கைகளைக் கழற்றி லாரியில் கொண்டுவந்தபோது ஆரல்வாய்மொழியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றாலைக்குப் போகிற இறக்கை என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை திறப்பு விழா. கல்லைத் திறக்கப்போவது எட்சன், ஓய்வுபெற்ற குரூப் கேப்டன். நான் ரசலையன், அதே விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்தவன். அதன் முன்விசிறிதான் என் வலது கையில் நாலு விரலைக் கொண்டுபோனது.

1978. எட்சன் அப்போது பயிற்சி மாணவன், இருபது வயது. அத்தனை இந்திக்காரர்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டே பேர்தான் நம்ம ஊர்.

எஞ்சினைக் கிளப்பும் முன் முன்விசிறியை நான் கையால் சுற்றிவிட வேண்டும். அதற்கும் முன்னால், ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவனும் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். அது சட்டம். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் சட்டத்தை ஓரங்கட்டிவிட்டோம்.

அணைத்தாச்சா என்பேன். ஆச்சு என்பான். சுற்றுவேன்.

அன்றும் ஆச்சு என்றான். ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. நான் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அணைத்தாச்சா என்று நான் கேட்டதைப் போட்டாச்சா என்று எடுத்துக்கொண்டானாம். பக்கத்து எஞ்சின்களின் இரைச்சலில் கடைசி எழுத்துகள்தான் காதில் விழுந்தனவாம். நாற்பத்தேழு வருடமாக எட்சன் சொல்வது இதுதான்.

விசாரணையில், தப்பு என்னுடையது என்றேன். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் முப்பது வருடம் பறந்தான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வருவான். என் கையைக் கண்டதும் கண் கலங்குவான். தன்னைக் காப்பாற்ற நான் பழியை ஏற்றுக்கொண்டதாக எங்கள் சபை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான். சர்ச்சில் என்னைப் பார்த்தால் முன்வரிசையில் இடம் விடுவார்கள். எனக்கும் கொஞ்சம் கெத்தாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சுயம்புராஜ் எட்டாவது வரியை வாசித்துக் காட்டினார். பயிற்சி மாணவன் எட்சனின் கவனக்குறைவால் மெக்கானிக் ரசலையன் விரல்களை இழந்தார்.

"உள்ளதச் சொல்லிட்டுப் போணும் அண்ணே. படிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தெரியட்டு," என்றான் எட்சன்.

சுயம்புராஜ் உளியை முதல் எழுத்தில் வைத்துச் சுத்தியலைத் தூக்கினார்.

சபையில் நாலு பேர் பேசுவது என்னோடு முடிந்துபோகும். கல்லில் விழுந்தால் விழுந்ததுதான். எட்சனின் பேரப்பிள்ளைகள் வந்து நின்று வாசிக்கும்.

சுயம்புராஜின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். இடது உள்ளங்கையால் அந்த வரியை முழுசாகத் துடைத்தேன். எட்சனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபடியும் நான் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டான், பாவி.

"மக்கா, அண்ணைக்கு நான் ஸ்விட்ச கேக்கவே இல்ல. கேக்காமத்தான் சுத்துனேன். சாயா குடிச்சாச்சாண்ணுதான் உங்கிட்ட கேட்டேன்."

அவன் சாயா குடித்திருந்தான். ஆச்சு என்றது சரிதான்.