கிளியும் இடியும்

யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படியான ஆவணங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுதும் குழு, இணையத்தை விட்டு முதன்முறையாக நேரில் கூடியிருந்தது. எல்லோர் சட்டையிலும் புனைபெயர் அட்டை. இவனுடையதில் ‘இடி’. இவன் தேடியதோ ‘கிளி’யை.

“இன்னைக்கு அந்த ஆளை ஒரு கை பார்க்கணும்,” என்றான் நண்பனிடம்.

“என்ன தகராறு?”

“ஆவணத்துல படம் போட்டா, அது என்ன படம்னு ஒரு வரியும் எழுதணுமாம். வெட்டி வேலை, தூக்கிடலாம்னேன். ஒத்தைக் கால்ல நிக்கிறார். படம்தான் முன்னாடியே இருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சுன்னு எல்லாரும் படிக்கிற இடத்துலயே எழுதிட்டேன்.”

நண்பன் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான். “அடப்பாவி! அதோ, ஜன்னலோரம் இருக்கார். நீயே போய்ப் பாரு.”

போனான். கிளி மடியில் வெள்ளைக்கோலை மடித்து வைத்திருந்தார். கணினி வாசித்துச் சொல்வதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்தில் நிமிர்ந்தார்.

“யாருங்க?”

“சும்மா... கூட்டத்துக்கு வந்தேன்.”

“இடி வந்திருந்தா கூட்டிட்டு வாங்களேன். அவருக்கு நன்றி சொல்லணும்.”

“நன்றியா?”

“எனக்குப் பார்வை இல்லைன்னு தெரிஞ்சதுமே எல்லாரும் விட்டுக்கொடுத்துடறாங்க. நான் வாதத்துல ஜெயிக்கிறேனா, பாவம் பார்த்து விடறாங்களான்னே தெரியறதில்லை. எல்லாம் தெரிஞ்சும் என்னைச் சரிசமமா மதிச்சு மோதறவர் அவர் ஒருத்தர்தான்.”

அவரால் படிக்க முடியாது என்று தெரிந்தும், இவன் கை சட்டையிலிருந்த அட்டையை மூடிக்கொண்டது.