கரடி பொம்மை வாழ்த்து

பிரசவ மருத்துவமனையின் கணினியில் பிறப்புகள் ஓர் அட்டவணையில் இருந்தன, இறப்புகள் வேறொன்றில். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் இணையச் சேவையோ ஒரே ஓர் அட்டவணையைத்தான் வாங்கிக்கொள்ளும்.

"இறந்த பிள்ளைங்களக் கழிச்சிட்டுத்தான் ஏத்தணும் சார். சாயங்காலம் ஆயிடும்" என்றாள் கணினிப் பணியாளர் பியூலா.

மேலாளர் சந்தானகிருஷ்ணன் பஜ்ஜியை மென்றபடி, "வாழ்த்து அனுப்புறவங்க கேக்காதத நீ ஏம்மா இழுத்துப் போட்டுக்கிற? பிறப்ப மட்டும் ஏத்திவிடு" என்றார்.

ஏற்றினாள். அன்றைய வாழ்த்துகள் உடனே கிளம்பின. பிழைத்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்தபோது பெயர் ஏறியிருந்தது. இறந்துபோன பிள்ளைகள் பிறந்த அன்று எழுதியபடி தாயின் பெயரிலேயே கிடந்தார்கள். 'அன்புள்ள கஸ்தூரியின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வாழ்த்துகள்!' கூடவே பலூன் பிடித்துச் சிரிக்கும் கரடி பொம்மை.

கஸ்தூரியிடமிருந்து பதில் வந்தது. வசவாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் பியூலா திறந்தாள்.

'ரொம்ப நன்றிங்க. எம் புள்ள பொறந்த நாளப் பத்தி வீட்ல யாரும் வாயே தொறக்கல. நீங்களாவது நெனச்சீங்களே.'

"பாத்தியா, எப்படி உருகுறாங்க!" சந்தானகிருஷ்ணன் எண்ணெய் விரலால் திரையைத் தட்டினார். "அந்த நன்றிய மட்டும் வெட்டி எடு, விளம்பரத்துல போட்டுடலாம். மிச்சம் வேணாம்."

அவர் கை கழுவப் போனதும், பியூலா இறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள். கஸ்தூரியின் குழந்தை வந்ததும் விரல் நின்றுவிட்டது. திரையின் ஓரத்தில் மூடாமல் கிடந்த வாழ்த்தில் கரடி, எண்ணெய் பூசிய முகத்தோடு, சிரித்துக்கொண்டே இருந்தது.