கீழ்க்குரல்

சிவப்புக் கோட்டுப் போட்ட நான்கு பேர் மாடிப்படி ஏறி வந்ததும் இசை வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சிதம்பரம் கீழவீதியில் இருந்த அந்த வகுப்பில் அன்று தேர்வு. ஐரோப்பாவின் பழைய இசைவடிவமான ஃபியூக் ஒன்றை எடுத்து, நான்கு வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதி, ஆள் வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் வயலினும் கீபோர்டும் கொண்டுவந்திருந்தார்கள். சந்திரலேகா கடலூரிலிருந்து ஒரு பேண்டு செட்டையே வரவழைத்திருந்தாள்.

"சாவு வீட்டுக்கு வாசிக்கிற செட்டுதான இது?" என்றான் கூடப் படிக்கும் பாலகுமார், சத்தமாகவே.

"ஆமா. கல்யாணத்துக்கும் வாசிப்பாங்க," என்றாள் சந்திரலேகா. நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன். நான்காவது ஆள் தேவநாதன். அவர் மடியில் யூபோனியம், குழந்தையை அணைப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்து வாசிக்கிற, கீழ்க்குரலில் ஒலிக்கும் பெரிய பித்தளை வாத்தியம். ஊர்வலங்களில் அதற்கென்று மெட்டு கிடையாது. மற்ற மூன்றும் பாட்டை வாசிக்க, இது தாளத்துக்கு ஒத்து ஊதும்.

ஃபியூகில் அப்படி இல்லை. ஒருவர் தனியாக ஒரு மெட்டைத் தொடங்குவார். அதே மெட்டோடு அடுத்தவர் நுழைவார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். யாரும் யாருக்கும் பின்பாட்டு இல்லை.

அதுவரை வாசித்த எல்லோரும் மேல்குரலில் தொடங்கும் ஃபியூகைத்தான் எடுத்திருந்தார்கள். சந்திரலேகா கையை உயர்த்தி தேவநாதனைப் பார்த்தாள்.

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். எதிரே இருந்த தாளில் ஸ்வரங்களைத் தமிழில் பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். அவர் தாளைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்தார். மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

யாரோ இருமினார்கள்.

அவள் கையை இறக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

ஊதினார்.

முதல் ஸ்வரம் நடுங்கியது. இரண்டாவது நின்றது. துணைக்கு எதுவும் இல்லாமல் அந்தக் கனத்த குரல் மெட்டை முழுதாகச் சொல்லி முடித்தது. அதை வாங்கிக்கொண்டு சாக்ஸபோன் நுழைந்தது. பிறகு டிரம்பெட். பிறகு கிளாரினெட். நான்கும் ஒன்றையொன்று துரத்தின, விட்டுக்கொடுத்தன, மறுபடி பிடித்தன. பாலகுமார் எட்டிப் பார்ப்பதற்காக எழுந்தே நின்றுவிட்டான்.

முடிவில் மற்ற மூன்றும் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, மெட்டு கடைசி முறையாக யூபோனியத்திடம் வந்தது. இந்தத் தடவை தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். சன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

கைதட்டல் ஓயும்வரை ஆசிரியை பிரிசில்லா காத்திருந்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா மேல்குரல்ல தொடங்குறதுதான ஈஸி? நீ ஏன்மா கீழ்க்குரல்ல தொடங்குறதா பாத்து எடுத்த?"

சந்திரலேகா போய் தேவநாதனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் தோளில் கை வைத்தாள்.

"எங்கப்பா எந்த ஊர்வலத்துலயும் கடைசி வரிசையிலதான் நடந்து வருவாரு மிஸ். ஒரு தடவ அவரு முன்னால போவட்டும், மத்தவங்க எல்லாம் அவரு பின்னால வரட்டும்னு நெனச்சேன்."